சூறைக்குப் போகிற சின்னக் காளிகள்

மகா சிவராத்திரிக்கு மறுநாள் ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் பேருந்தில் போனால் வழியிலேயே காளிகள் ஏறுவார்கள். பள்ளிகொண்டாவில் ஏறிய காளிக்கு ஏழு வயதிருக்கும். உடம்பெல்லாம் நீலச் சாயம், அட்டைக் கிரீடம், இடுப்புவரை சணல் சடை. அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. பையனுக்கு விடாத காய்ச்சல் வந்தபோது, வேஷம் கட்டி மயானக் கொள்ளைக்கு அழைத்து வருகிறேன் என்று அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டாளாம்.

காத்து கருப்பு அண்டாதிருக்க அரைஞாணில் எலுமிச்சம்பழம், கணுக்காலில் கறுப்புக் கயிறு எல்லாம் இருந்தன. "ஃபோன் நம்பர் எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கியாம்மா?" என்றேன்.

"எதுக்குண்ணா? கைய வுட்டாத்தானே தொலைவான்."

கொள்ளை நடக்கும் பாலாற்றங்கரையில் அந்த நம்பிக்கைக்கு ஆயுசு குறைவு. பிரம்மனின் தலையைக் கிள்ளிய சிவனின் கையில் கபாலம் ஒட்டிக்கொண்டு, போடும் சோற்றையெல்லாம் தின்றதாம். அம்மன் மயானத்தில் உணவை வாரி இறைக்க, அது கையைவிட்டு இறங்கி வந்ததாம். அதனால்தான் இன்றும் சுண்டல், கொழுக்கட்டை, சில்லறைக் காசு என்று சூறை விடுகிறார்கள். மேலே கை ஓங்கியதும் கூட்டம் மொத்தமும் குனிகிறது. பெரியவர்களின் கால்களுக்கு நடுவே முதலில் புகுவது பிள்ளைகள்தான். தேர்ச் சக்கரம் ஒரு பக்கம், எரியும் கற்பூரத் தட்டுகள் இன்னொரு பக்கம். அந்தத் தட்டுகள் போகும் உயரமும் சணல் சடையின் உயரமும் ஒன்று. எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான், பேயில்லை.

மைக்கில் ஒரு குரல்: "காளி வேஷம் போட்ட பையன் ஒருத்தன் இங்க அழுதுகினு இருக்கான்." சுற்றியிருந்த அம்மாக்கள் பலரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். சாயம் பூசிவிட்டால் எல்லாப் பிள்ளையும் ஒரே பிள்ளை.

நியூஜெர்சியில் இருக்கும் என் அக்கா, அங்கே பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போகும் ஹாலோவீன் இரவில் அவர்கள் வாங்கிவரும் மிட்டாயை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பாள். யாரோ விஷம் வைத்திருப்பான் என்ற பயம். டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல ஆண்டுச் செய்திகளைத் துருவிப் பார்த்தும், முன்பின் தெரியாதவர் கொடுத்த விஷ மிட்டாயால் பிள்ளை செத்ததாக உறுதியான ஒரு சம்பவம்கூடச் சிக்கவில்லை. 1974இல் டெக்சாஸில் ஒரு சிறுவன் சயனைடால் இறந்தான். வைத்தவன் பெற்ற தகப்பன், காப்பீட்டுப் பணத்துக்காக. நிஜமாகக் கொல்வது கார். 1975 முதல் 2016 வரையிலான விபத்துகளைக் கணக்கிட்டு 2019இல் வந்த ஆய்வின்படி, ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் சாகும் ஆபத்து 43 சதவீதம் கூடுதல். 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து மடங்கு. பூச்சாண்டிக்குப் பயந்து சாலையை மறப்பது எல்லா ஊருக்கும் பொது போலும்.

திருவண்ணாமலை தீபத்தில் பிள்ளைகளின் மணிக்கட்டில் செல்போன் எண் எழுதிய பட்டையைப் போலீசார் கட்டிவிடுகிறார்கள். கறுப்புக் கயிறு கட்டுகிற கைக்கு அதுவும் ஒரு கட்டுதான். தொலைந்த பிள்ளையைக் கண்டால் கூப்பிட 1098 இருக்கிறது.

திரும்பும் பேருந்தில் அதே காளி, மண் ஒட்டிய சுண்டலை எண்ணிக்கொண்டிருந்தான். சடையின் நுனி ஒரு சாண் கருகியிருந்தது. "யாரோ தட்ட திருப்பினாங்கண்ணா," என்றாள் அம்மா. "அடுத்த வருஷம் கிரீடத்தோட நிறுத்திக்கிறேன். அங்காளம்மா கோச்சுக்க மாட்டா." பிறகு என் பேனாவை வாங்கி, சாயம் படாத அவன் உள்ளங்கையில் எண்ணை எழுதத் தொடங்கினாள், பள்ளிகொண்டா பேருந்து நிறுத்தத்திலும் கூட்டம் இருக்குமாம்.