கல் போர்த்திய பனியாறு

எவரெஸ்ட், லோட்சே சிகரங்களுக்கு இடையில் பிறந்து இறங்கும் கும்பு பனியாற்றைக் காணச் செல்பவர் முதலில் ஏமாற்றமே அடைவார். நேபாளத்தின் நாம்சே பஜாரைக் கடந்து, நாட்கணக்கில் நடந்து, துக்லாவுக்கு மேலுள்ள செங்குத்தான மேட்டில் ஏறினால் வெண்மை எதுவும் தென்படாது. சாம்பல் நிறக் கற்குவியலே பல கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கும். பனியாறு அக்கற்களுக்கு அடியில் இருக்கிறது.

இருபுறச் சிகரங்களிலிருந்து சரிந்து விழும் பாறைகள் பனியில் புதைந்து, அதனோடு நகர்ந்து வந்து, பனி உருகும் தாழ்ந்த பகுதியில் வெளிப்பட்டுக் குவிகின்றன.

இப்போர்வை நன்மையா, தீமையா? அதன் கனத்தைப் பொறுத்தது. மெல்லிய தூசுப் படலம் வெயிலை உறிஞ்சிப் பனியை விரைந்து உருக்கும். சில சென்டிமீட்டருக்கு மேல் தடித்துவிட்டாலோ, உமியில் பொதிந்த ஐஸ் கட்டியைப் போல் பனி காக்கப்படும். குன்னார் ஓஸ்ட்ரம் என்பவர் சுவீடன் நாட்டுப் பனியாறு ஒன்றில் இதனை அளந்து, 1959இல் வெளியிட்டார்.

அப்படியானால் கும்பு பாதுகாப்பாக இருக்கிறதா? இல்லை. நுனியில் போர்வை தடிப்பு. அங்கே உருகுதல் குறைவு. மேலே செல்லச் செல்லப் போர்வை மெலிகிறது. அங்கே உருகுதல் அதிகம். இதனால் சரிவு குறைந்து பனியாறு தட்டையாகிறது. கீழ்ப்பகுதியின் நகர்வு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பள்ளங்களில் குட்டைகள் தேங்குகின்றன. வெயிலில் சூடேறிய அந்நீர் பனியை அரிக்கிறது. நுனி பெரிதும் பின்வாங்காமலே மேற்பரப்பு தாழ்ந்துகொண்டே போகிறது. நீளத்தை மட்டும் அளப்பது, நோயாளியின் உயரத்தை அளந்துவிட்டு எடையைப் பார்க்காமல் விடுவதற்கு ஒப்பாகும்.

இதன் அடுத்த கட்டத்தை அண்டைப் பள்ளத்தாக்கிலுள்ள இம்ஜாவில் காணலாம். 1950களில் அங்கிருந்த சிறு குட்டைகள் ஒன்றுகூடி, இன்று இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட ஏரியாகிவிட்டன. கல்லும் மண்ணும் பனியும் கலந்த கரையே அதனைத் தாங்குகிறது. அது உடைந்தால் கீழுள்ள ஷெர்பா மக்களின் வீடுகளும் உருளைக்கிழங்கு வயல்களும் என்னவாகும்? எனவேதான் 2016இல் நேபாள இராணுவத்தினர் ஏறக்குறைய 5,000 மீட்டர் உயரத்தில் கால்வாய் வெட்டி, நீர்மட்டத்தை மூன்று மீட்டருக்கு மேல் குறைத்தனர். இந்த அச்சம் வீணானதன்று. 2024 ஆகஸ்டில் இதே வட்டாரத்தில் சிறு பனியேரிகளின் நீர் பாய்ந்து வந்து, தாமே கிராமத்தின் பள்ளியையும் மருத்துவ நிலையத்தையும் வீடுகளையும் சிதைத்தது.

வாசகர்களே! அப்பாதையில் செல்ல நேர்ந்தால் கற்களை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். பனியாற்றின் இருமருங்கிலும் மதில்போல் உயர்ந்து நிற்கும் கற்கரைகளையும் பாருங்கள். சில நூற்றாண்டுகளுக்கு முன் பனி அவற்றின் விளிம்புவரை நிறைந்திருந்தது. இன்று அது எவ்வளவு கீழே கிடக்கிறது என்பதைக் கண்ணாலேயே அளந்துவிடலாம்.