ஆறு மணி நேரத் தாமதமும் ஒரு வார்த்தையும்



அக்காவை அழைத்துக்கொண்டு வடக்கே போய் வந்ததைக் கேள்விப்பட்டு நிறையப் பேர் போன் செய்தீர்கள். "சார், ப்ளைட் பயணம் எப்படி இருந்துச்சு?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் விமானத்தில் போகும்போது உதவும்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போதுதான் பட்டோம். அந்த ஊரின் பெயரையும் விமான நிறுவனத்தின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. ஒருவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

சின்ன ஊர், சின்ன நிலையம். மாலை 4.10-க்குச் சென்னை விமானம். 2 மணிக்கே உள்ளே போய்விட்டோம். ஏசி ஓடவில்லை. நிற்கும் மின்விசிறிகள் இரண்டு, அவற்றைச் சுற்றி ஒரு கூட்டம். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. மூன்று பேர் உட்காரும் நாற்காலிகளில் பாதிக்கு ஒரு இருக்கை உடைந்து, மேலே டேப் ஒட்டியிருந்தது. குடிநீர் இயந்திரத்தில் "வேலை செய்யவில்லை" என்று இந்தியில் ஒரு தாள். பெண்கள் கழிப்பறையில் இரண்டில் ஒன்றுக்குப் பூட்டு. மற்றதில் குழாயில் தண்ணீர் வரவில்லை. முழங்கால் தேய்ந்த அக்கா அங்கே போய்வந்து சொன்னது ஒன்றுதான்: "நம்ம சந்தையிலகூட தண்ணி வருமே, தம்பி."

இதையெல்லாம்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலையில் வேலை பார்த்தவனுக்கு ஒழுகும் கூரை புதிதல்ல.

4 மணிக்குப் பலகையில் 5.30 என்று மாறியது. பிறகு 7 மணி. அதற்குப் பிறகு "தாமதம்" என்ற சொல் மட்டும் நின்றது, நேரம் போய்விட்டது. கவுண்டரில் இருந்த பையனிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "வெயிட் கரோ" என்றான். ஏன் தாமதம், எப்போது வரும், வருமா வராதா, எதுவும் இல்லை. இருந்த ஒரே கடையையும் 6 மணிக்கு ஷட்டர் இழுத்து மூடிவிட்டார்கள்.

அக்காவுக்குச் சர்க்கரை நோய். மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். கையில் இருந்தது ஒரு பொட்டலம் முறுக்கும் இரண்டு வாழைப்பழமும். 7 மணிக்கு மேல் அவருக்குக் கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. பழத்தைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, பெங்களூரில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் செய்தேன். அடிக்கடி விமானத்தில் போகிறவன். "சார், சாப்பாடு அவங்கதான் கொடுக்கணும், விதி இருக்கு" என்று உடனே எடுத்து அனுப்பினான்.

அந்த விதியை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இது. பறக்கும் நேரம் இரண்டரை மணிக்குள் உள்ள விமானம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், காத்திருக்கும் பயணிக்கு உணவும் சிற்றுண்டியும் நிறுவனம் தர வேண்டும். இரண்டரையிலிருந்து 5 மணி நேரம் பறக்கும் விமானம் என்றால் அது 3 மணி. தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டினால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். 2019-இல் மத்திய அமைச்சகம் இவற்றையெல்லாம் பயணிகள் சாசனமாகத் தொகுத்து வெளியிட்டது. ஆனால் புயல், மூடுபனி போல நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் அவர்களுக்கு விலக்கு உண்டு. இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். காரணம் தெரிந்தால்தான் நமக்கு என்ன உரிமை என்பதே தெரியும். காரணத்தைச் சொல்லாமல் விட்டால் உரிமையையும் சேர்த்து மறைத்ததாகத்தான் அர்த்தம்.

போனில் வந்ததைக் கவுண்டரில் காட்டினேன். அந்தப் பையன் உள்ளே போய் வந்து இரண்டு உணவுப் பொட்டலம் நீட்டினான். அதுவரை "இல்லை" என்றிருந்த சாப்பாடு உள்ளே அடுக்கி இருந்திருக்கிறது! "மற்றவர்களுக்கு?" என்று கேட்டேன். "கேட்டால் தருவோம்" என்றான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பையன், இருபது வயது இருக்கும். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்கு வேலைக்கு வருகிறான். மேஸ்திரி எடுத்துக் கொடுத்த டிக்கெட், முதல் விமானப் பயணம். மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சென்னையில் அழைத்துப்போக வருகிறவர் காத்திருந்து போய்விடுவாரோ என்ற பயம் வேறு. போனில் சார்ஜ் இல்லை, சுவரில் இருந்த பிளக்கில் கரண்ட் இல்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொல்லி, அவனைக் கவுண்டருக்கு அழைத்துப்போனேன். அவன் கேட்கக் கூச்சப்பட்டான். அவனுக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் என்று வரிசை நின்றது. எல்லோருக்கும் கொடுத்தார்கள். என் போனிலிருந்து மேஸ்திரியிடம் பேசிய பிறகுதான் அவன் பொட்டலத்தைப் பிரித்தான்.

விமானம் கிளம்பியபோது இரவு 10.20. சென்னையில் இறங்கும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது, சேலம் ரயில் போய்விட்டது. அக்காவைக் கொஞ்ச நேரம் படுக்கவைத்து, விடியற்காலை கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, மதியம் சேலம் வந்து, கொல்லிமலை பஸ் பிடித்தோம்.

காரவள்ளியில் பஸ் நின்றது. மேலே ஒரு வளைவில் பலாப்பழ வண்டி பழுதாகிக் குறுக்கே நிற்கிறது. கண்டக்டர் எழுந்து நின்று, "மேல வண்டி நின்னுக்கிச்சுங்க. ஆள் போயிருக்கு. முக்கா மணி நேரம் ஆகும். டீ குடிக்கிறவங்க குடிங்க, நான் கூப்பிடாம எடுக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. சிலர் டீக்கடைக்குப் போனார்கள், சிலர் தூங்கினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆனது. நடுவில் ஒருமுறை வந்து, "இன்னும் கொஞ்சம் ஆகும்" என்றும் சொன்னார். 70 கொண்டை ஊசி வளைவையும் ஏறி செம்மேடு சேரும்போது இருட்டிவிட்டது. அக்காவிடம் அலுப்பு இருந்ததே தவிர, கோபம் இல்லை.

நம் பகுதிக்கும் விமானம் வந்துவிட்டது, நல்ல விஷயம். சேலம் காமலாபுரம் நிலையம் திறந்தது 1993-இல். பல ஆண்டுகள் விமானமே இல்லாமல் கிடந்து, உடான் திட்டத்தில் 2018-இல் சேவை வந்து, நின்று, 2023 அக்டோபரில் மறுபடியும் தொடங்கியது. திருச்சியில் 75,000 சதுர மீட்டரில் புது முனையம் வந்திருக்கிறது. 10 ரூபாய்க்குத் தேநீர் தரும் உடான் யாத்ரி கஃபேயை 2024 டிசம்பரில் கொல்கத்தாவில் தொடங்கினார்கள், பிறகு சென்னைக்கும் வந்தது. இதெல்லாம் வரவேற்க வேண்டியதுதான். கட்டடத்துக்குக் கோடிக்கணக்கில் செலவாகும். "இன்ன காரணம், இவ்வளவு நேரம்" என்று எழுந்து நின்று சொல்ல ஒரு காசும் செலவில்லை.

ஏர்சேவா இணையதளத்தில் புகார் பதிந்திருக்கிறேன். "வருந்துகிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. காரணத்தை இன்னமும் சொல்லவில்லை. மறுபடியும் கேட்டு எழுதியிருக்கிறேன்.

பெரியவர்களை விமானத்தில் அனுப்புகிறவர்கள் கையில் சாப்பாடும் மாத்திரையும் சார்ஜ் ஏற்றிய போனும் கொடுத்து அனுப்புங்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். தாமதமானால் காரணத்தைக் கேட்கச் சொல்லுங்கள், முடிந்தால் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்களில் பலர் இன்று கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறீர்கள். வங்கியில், தாலுகா அலுவலகத்தில், ஆஸ்பத்திரியில், ரேஷன் கடையில். சர்வர் வேலை செய்யாத நாளும், டாக்டர் வராத நாளும் உங்களுக்கும் வரும். அன்று வெளியே நிற்பவர்களிடம் நீங்களாகவே எழுந்து வந்து விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கேட்கத் தெரியாதவர்களும் கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் அந்த வரிசையில் இருப்பார்கள்.

அக்கா நலம். எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.