அரிய நிதியியல் நூல்கள்

மருதனார்மடச் சந்தையைச் சூழ்ந்த செம்மண் தோட்டங்களில் உழைத்த முன்னோர் அரசுக்கு இறுத்த வரிகளை இன்று பெரிதும் அறிவிப்பவை பழைய நிதியியல் நூல்களே. இலங்கைச் சுங்கத்துறையில் உயர்பதவி வகித்த அந்தோனி பெர்ட்டொலாச்சி 1817இல் இலண்டனில் வெளியிட்ட நூல், திருவிதாங்கூருக்குச் சென்ற யாழ்ப்பாணப் புகையிலையின் வாணிபத்தையும் அரசிறையையும் ஆராய்கின்றது.

இத்தகைய நூல்களைத் தேடித் திரட்டியோருள் தலையாயவர் ஆங்கிலப் பொருளியலறிஞர் பொக்ஸ்வெல். பிறர் புறக்கணித்த துண்டுப்பிரசுரங்களையும் அவர் விலக்கவில்லை. அவர் சேர்த்த ஏறத்தாழ 30,000 நூல்கள் 1903இல் இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன.

யாழ்ப்பாணப் பொது நூலகமோ 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்டது. ஆகவே, இம்மண்ணில் நூல் திரட்டுதல் செல்வரின் பொழுதுபோக்கன்று. எஞ்சியவற்றைக் காக்கும் கடமையாகும். வீட்டுப் பரணில் கிடக்கும் தோம்புப் படியும் வரிச்சீட்டும் நாளைய ஆய்வாளருக்கு மூலங்களே. கறையான் அவற்றை அரிக்குமுன் மாணவர் வாசிப்பாராக.