நோய் நீங்கிற்று, தழும்பு நீங்கவில்லை

பரங்கிமலையினின்று பூந்தமல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நம் காட்டுப்பாக்கம் அமைந்துள்ளது. அச்சாலை தொடங்குமிடத்தில் புனித தோமையார் மலை. உயிர்த்த ஆண்டவரின் காயங்களைத் தொட்டறிய விரும்பியவர் அத்திருத்தூதர். சாவை வென்ற திருவுடலிலும் ஆணித் தழும்புகள் மறையவில்லை என்பதை நாம் மறையுரைகளில் பலமுறை எடுத்துரைத்ததுண்டு. ஆயினும், நம் பங்குப் பெரியவர் ஒருவரைக் குறித்து இவ்வுண்மையை எண்ணிப் பார்க்கத் தவறினோம். அத்தவற்றை இங்கே அறிக்கையிடுகிறோம்.

அவர் லாரிப் பட்டறையில் உழைத்து நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவர். இளமையில் விபத்தில் சிக்கி இரத்தம் ஏற்றிக்கொண்டவர். ஹெபடைட்டிஸ் சி என்னும் வைரஸ் கிருமி அடையாளம் காணப்பட்டதே 1989-இல்தான். எனவே அந்நாளில் இரத்தத்தில் அதனைத் தேடும் சோதனை எங்கும் இல்லை. கிருமி அவருடைய கல்லீரலில் ஓசையின்றி முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தது. 2019-இல் பன்னிரண்டு வாரம் மாத்திரை உட்கொண்டார். பின்னர் செய்த சோதனையில் இரத்தத்தில் கிருமி இல்லை என்று தெரிந்தது.

"சாமி, கிருமி போயிடுச்சு. இனி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டியதில்லை" என்று மகிழ்ந்து, நன்றித் திருப்பலிக்குக் கருத்துக் கொடுத்தார். நாமும் பீடத்திலிருந்தே, "ஆண்டவர் இவரை முற்றிலும் குணமாக்கினார், இனி அச்சமில்லை" என்று அறிவித்தோம். மருத்துவர் வேறேதும் சொன்னாரா என்று நாம் வினவவில்லை.

2022-இன் இறுதியில் அவருக்கு வயிறு வீங்கியது. கல்லீரலில் புற்றுநோய், அதுவும் முற்றிய நிலை. நோயில் பூசுதல் அளித்துவிட்டு வெளியே வந்தபோது அவர் துணைவியார், "கிருமிதான் இல்லைன்னாங்களே சாமி, இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. பின்னர் மருத்துவர் ஒருவரை நாடி அறிந்துகொண்டதைக் குடும்பங்களின் நன்மைக்காக இங்கே எழுதுகிறோம்.

கிருமி கல்லீரலை ஆண்டுக்கணக்கில் புண்படுத்துகிறது. புண் ஆறும் இடந்தோறும் தழும்பு விழுகிறது. தழும்பு எங்கும் பரவிக் கல்லீரல் இறுகிச் சுருங்கிய நிலையையே சிரோசிஸ் என்கின்றனர். மாத்திரை கிருமியை அழிக்கிறது, தழும்பை அழிப்பதில்லை. காலப்போக்கில் அது ஓரளவு இளகலாம்; முற்றும் மறைவது அரிது. அந்தத் தழும்பினிடையே புற்று தோன்ற இடமுண்டு. சிகிச்சையினால் அந்த ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆயினும் சிரோசிஸ் உள்ளவர் நூறு பேரில் ஆண்டுதோறும் ஓரிருவருக்குப் புற்று வரக்கூடும். கிருமி பிடித்த தொடக்கத்திலேயே, தழும்பு மிகுமுன் குணமானவர்க்கு இவ்வாபத்து மிகவும் குறைவு. தாம் எவ்வகையினர் என்பதை அவரவர் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

இதற்கு மாத்திரையைப் பழிப்பது தகாது. 2016-இல் ஸ்பெயின், இத்தாலி நாட்டு மருத்துவர் சிலர் புதிய மருந்துகளே புற்றைத் தூண்டுமோ என ஐயுற்றனர். பின்னர் நடந்த பெரிய ஆய்வுகள் அவ்வையத்தை நீக்கின. முதலில் அமெரிக்காவில் ஒரு மாத்திரை ஆயிரம் டாலர் விற்றது. நம் நாட்டு நிறுவனங்கள் அதைத் தயாரிக்கத் தொடங்கியபின் விலை பன்மடங்கு குறைந்தது. பஞ்சாப் மாநிலம் 2016-இல் இலவசச் சிகிச்சையைத் தொடங்கியது. 2018 ஜூலை 28-இல் நாடு முழுமைக்குமான அரசுத் திட்டம் வந்தது. கிருமியுள்ளோர் தயங்காது சிகிச்சை பெறுக.

சிகிச்சைக்குப் பின் சிரோசிஸ் உள்ளவர் செய்யவேண்டியது ஒன்றே: ஆறு மாதத்திற்கு ஒருமுறை, வாழ்நாள் முழுதும், வயிற்றை ஸ்கேன் செய்துகொள்ளல். மருத்துவர் சொன்னால் இரத்தச் சோதனையும் உடன் செய்க. சிறிய கட்டியானால் அறுத்தெடுக்கலாம், சுட்டு அழிக்கலாம். வலி தோன்றும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும். மதுவை அறவே விலக்குக. சர்க்கரையையும் உடல் பருமனையும் கட்டுக்குள் வைத்திடுக.

இது அவநம்பிக்கையன்று. ஒப்புரவு அருள்சாதனத்தில் பாவம் மெய்யாகவே மன்னிக்கப்படுகிறது. ஆயினும் பாவம் விட்டுச்சென்ற ஊறு தங்குகிறது. ஆதலின் குரு தபசு விதிக்கிறார். அதை நிறைவேற்றுபவர் மன்னிப்பை ஐயுறுபவர் அல்லர். அவ்வாறே ஸ்கேனுக்குச் செல்பவரும் இறைவன் தந்த சுகத்தை ஐயுறுபவர் அல்லர், அதைக் காத்துக்கொள்பவர்.

இப்போதெல்லாம் நோய் நீங்கியதற்கு நன்றித் திருப்பலி கேட்டு வருவோரிடம், "அடுத்த சோதனை எப்போது?" என்று வினவிய பின்னரே கருத்தை எழுதிக்கொள்கிறோம். சிலர் வியப்புடன் நோக்குகின்றனர். அன்புக் குடும்பத்தாரே, உங்கள் இல்லத்தில் திருப்படத்தின் அருகே பங்கு நாள்காட்டி தொங்குகின்றதன்றோ? திருநாட்களைக் குறித்து வைப்பதுபோல் அந்த நாளையும் அதில் குறித்து வையுங்கள். அப்பெரியவரின் நாள்காட்டியில் அத்தகைய குறிப்பு ஒன்றும் இல்லாமற்போனதற்கு நாமும் ஒரு காரணம். அவரது ஆன்மா இறைவனில் இளைப்பாறுவதாக.