முள் காட்டுவது வடக்கை

லவ்டேலில் பருவமழைக் காலத்து மூடுபனி இறங்கிவிட்டால், கதிரவன் எப்பக்கம் சாய்கிறான் என்பதே தெரிவதில்லை. அத்தகைய நாள்களில் கிப்லாவை அறியத் திசைகாட்டியை நாடுகிறோம். அதன் முள் கஃபாவையே சுட்டுகிறது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். எம் இளைய மகளும் அவ்வாறே எண்ணி, "அத்தா, மக்கா இருக்கும் இடம் இந்த முள்ளுக்கு எப்படித் தெரியும்?" என்று வினவினாள்.

விடையைச் சொல்லாமல், பள்ளி வகுப்பறைகளில் செய்யப்படும் எளிய சோதனை ஒன்றை வீட்டிலேயே செய்தோம். சட்டக் காந்தத்தின் ஒரு முனையால் தையல் ஊசியைக் காதிலிருந்து நுனிவரை ஒரே திசையில் தேய்த்தோம். நுனியை அடைந்ததும் காந்தத்தைத் தூக்கி, மீண்டும் காதிலிருந்தே தொடங்கினோம். 40 முறை தேய்த்தபின் அந்த ஊசி குண்டூசியை ஈர்த்தது. இரும்பினுள் பல திசைகளை நோக்கிக் கிடக்கும் நுண்ணிய காந்தப் பகுதிகள், தேய்க்கத் தேய்க்க ஒரே திசைக்கு ஒழுங்குபடுகின்றன. எஃகு ஊசி அவ்வொழுங்கை நெடுநாள் காக்கும். தேனிரும்பு ஆணி விரைவில் இழந்துவிடும்.

பின்னர் பிளாஸ்டிக் கிண்ணத்து நீரில் தக்கையை மிதக்கவிட்டு, அதன்மேல் ஊசியை வைத்தோம். அது மெல்லத் திரும்பி, வடக்கு தெற்காக நின்றது. கத்தரிக்கோலை அருகே கொண்டு சென்றதும் விலகியது. அகற்றியதும் பழைய நிலைக்கு மீண்டது.

"அப்படியானால் நன்னிமா சொன்னது தவறா, அத்தா?" என்று மகள் கலங்கினாள். நன்னிமாவின் தொழுகையில் குறை ஏதுமில்லை என்றும், முள்ளின் வேலையை மட்டுமே நாம் சரியாக அறிந்துகொண்டோம் என்றும் எடுத்துரைத்தோம். முள் புவியின் காந்தப்புலத்திற்கு இசைந்து வடக்கைக் காட்டுகிறது. அதிலிருந்து கிப்லாவைக் கணக்கிடுவது மனிதரின் பொறுப்பு. லவ்டேலிலிருந்து கிப்லா, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக ஏறக்குறைய 291 பாகை. அதாவது நேர்மேற்கிலிருந்து வடக்கு நோக்கி 21 பாகை. பாகைமானி கொண்டு அக்கோட்டை அவளே தாளில் வரைந்தாள்.

இக்கணக்கு நம் முன்னோர்க்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், பின்னாளில் யமன் நாட்டுச் சுல்தானான அல்அஷ்ரஃப் உமர், நீரில் மிதக்கும் காந்த ஊசியைக் கொண்டு கிப்லாவை அறியும் முறையை எழுதிவைத்தார். வடக்கை ஊசியிடமும் கோணத்தைக் கணக்கிடமும் பெற்றவர்கள் அவர்கள். படைப்பின் ஒழுங்கை உள்ளபடி அறிவது ஈமானைக் குறைக்காது. அல்லாஹ்வின் ஆற்றலை வியக்க, இல்லாத அற்புதம் ஒன்றை முள்ளின்மேல் ஏற்றவேண்டிய தேவையுமில்லை.

உங்கள் இல்லத்திலும் பிள்ளைகளோடு இதனைச் செய்து பாருங்கள். இரும்பு பீரோ, சன்னல் கம்பி, கைப்பேசி ஆகியவற்றிலிருந்து கிண்ணத்தைத் தள்ளி வையுங்கள். அவை ஊசியைத் திசைதிருப்பும். உங்கள் ஊருக்குரிய பாகையைத் தனியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் அது மாறும்.