அண்ணன் மேடு

மாசி அமாவாசை வந்தா எங்க செங்கம் பக்கம் மயானக் கொள்ளை. பட்டணத்துல இருக்கிறவங்க பேரைக் கேட்டதும் பயந்துக்க வேணாம். சிவராத்திரி முடிஞ்சு அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் போவா, பின்னாடியே ஊரும் போகும். நெல்லு, கேழ்வரகு, கொள்ளு, கத்தரிக்காய், சில்லறைக் காசுன்னு அவங்கவங்க கையில இருக்கிறதைச் சூறை விடுவோம். பசங்க துண்டை விரிச்சுப் பிடிப்பாங்க.

அதுக்கு முன்னாடி காலையில வேலை இருக்கு. அவங்கவங்க வீட்டு மேட்டுல முள்ளு வெட்டி, புல்லு செதுக்கி, மண் அணைச்சு, இலை போட்டு, செத்தவங்களுக்குப் பிடிச்சதைப் படைக்கணும். எங்களுக்கு மூணு மேடு. அப்பா, அம்மா, அண்ணன். அண்ணன் மேட்டுக்குள்ள அண்ணன் இல்லை.

அவர் மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல சிப்பாய். 1987 அக்டோபர்ல யாழ்ப்பாணத்துல போயிட்டார். எனக்கு அப்போ 16 வயசு. முதல்ல தந்தி வந்தது. சில வாரம் கழிச்சு அவரோட ட்ரங்குப் பெட்டி வந்தது. உடம்பு வரலை, அங்கேயே எரிச்சிட்டதா சொன்னாங்க. 1999 கார்கில் சண்டையப்போ கொடி போர்த்தின பெட்டிங்க ஊர் ஊரா வந்ததை டிவியில காட்டுனாங்க. அம்மா பார்க்க மாட்டாங்க, எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போயிடுவாங்க.

இலங்கைக்குப் போன அமைதிப்படையில சுமார் 1,200 பேர் செத்தாங்க. அவங்களுக்கு எங்க பக்கம் பேனரும் இல்லை, ஊர்வலமும் இல்லை. டீக்கடையில அண்ணன் பேர் வந்தா பேச்சு பாதியில நிக்கும், இல்லைன்னா தமிழன் தமிழனைச் சுடப் போனானேன்னு திரும்பும். அனுப்பினவங்க வேற, போனவன் வேற. எங்க மூணு ஏக்கர் மானாவாரி சோறு போடலைன்னு ஆளெடுப்புக்குப் போனவர் அவர்.

அம்மா அந்தப் பெட்டியிலேர்ந்து ஒரு சட்டையை எடுத்துப் புதைச்சு மேடு போட்டாங்க. (பெட்டியில இப்போ விதைக்கடலை வெச்சிருக்கோம். எலி நுழையாது.) உடம்பு இல்லாம மேடு எதுக்குன்னு பெரியவங்க சிலர் கேட்டாங்க. "ஏரிக்கரை வேடியப்பன் கல்லுக்கு அடியில மட்டும் யாரு படுத்திருக்கா?"ன்னாங்க அம்மா. எங்க பக்கம் வேடியப்பன்னு கும்பிடறது பல இடத்துல பழைய நடுகல்தான். ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்டது. எடுத்தனூர்ல மகேந்திரவர்மன் காலத்துக் கல்லு ஒண்ணுல, வீரனோட நின்னு கள்ளனைக் கடிச்ச நாய்க்கும் பேர் வெட்டியிருக்கு, கோவிவன்னு. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா அவங்க கேட்டதுக்கு அப்புறம் யாரும் வாயைத் திறக்கலை.

இந்த வருஷம் அண்ணன் மக ஓசூர்லேர்ந்து வந்திருந்தா. அவர் செத்து நாலு மாசம் கழிச்சுப் பொறந்தவ. "சித்தப்பா, கிரானைட்ல கட்டிடலாம், பணம் சேர்த்து வெச்சிருக்கேன்"னா. கொழும்புக்குப் பக்கத்துல அமைதிப்படைக்குக் கட்டின நினைவுச் சின்னத்தை செல்போன்ல காட்டினா. கறுப்புக் கல்லுல வரிசையா பேருங்க. அப்பா முகத்தை போட்டோவுல மட்டும் பார்த்தவகிட்ட வேணாம்னு எப்படிச் சொல்றது?

ஆனா அம்மா இருந்தவரைக்கும் சிமெண்ட் பூச விடலை. "மண்ணா இருந்தாத்தான் மழையில கரையும். கரைஞ்சாத்தான் வருஷத்துக்கு ஒருத்தன் மண்வெட்டியோட வருவான்"னு சொல்லுவாங்க. எனக்கும் அதுதான் சரின்னு படுது. கட்டி முடிச்ச எத்தனையோ சமாதியில வேலிக்காத்தான் முளைச்சுக் கிடக்கு.

அண்ணிதான் வழி சொன்னாங்க. தலைமாட்டுல மட்டும் கல்லு, மேடு மண்ணாவே இருக்கட்டும். ரெஜிமெண்ட், நம்பர், வருஷம் எல்லாம் மக எழுதிக் கொடுத்தா. அண்ணி வாங்கிப் பார்த்துட்டு, "இதுல அத்தை பேரையும் போடு"ன்னாங்க.

அப்புறம் களியும் கருவாட்டுக் குழம்பும் படைச்சோம். கருவாடே சாப்பிடாதவ, குழம்புக்கு எவ்வளவு புளின்னு அம்மாகிட்ட கேட்டுக்கிட்டிருந்தா. கல்லு சித்திரையில தயாராகும்னு சொல்லியிருக்காங்க. கோடை மழைக்கு முன்னாடி நட்டுடணும்.