கிறிஸ்தவத்திற்கு நாம் பட்ட கடன்

சைவக் குடும்பத்திற் பிறந்து, இந்துக் கல்லூரியொன்றில் தமிழும் சரித்திரமும் கற்பிக்கும் ஒருவன் கிறிஸ்தவ சமயத்தினால் விளைந்த நன்மைகளைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், யாழ்ப்பாணத்துச் சைவர் தம் மொழியின் கடந்த இருநூறு ஆண்டுச் சரித்திரத்தை உள்ளபடி அறிய விரும்பின், அச்சமயத்தை ஒதுக்கிவிட்டுச் செல்ல வழியில்லை. நாம் எழுதும் வசனத்திலும், நம் பிள்ளைகள் பயிலும் பாடசாலைகளிலும், நோயுற்றபோது நாம் நாடும் வைத்தியசாலைகளிலும், நம் குடும்பங்களின் பழைய மனத்தாங்கல்களிலுங்கூட அதன் சுவடு உண்டு.

முதலிற் காயத்தைச் சொல்லிவிடுதல் நேர்மையாகும். போர்த்துக்கேயர் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அவர்களால் இடிக்கப்பட்டது. 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் தமது புரட்டஸ்தாந்து சமயத்தை ஆட்சியின் பலத்தோடு பரப்பினர். ஞானஸ்நானம் பெறாதவர் உத்தியோகம் பெறுதல் அரிதாயிற்று. விரதநாளில் உண்ட வாழையிலையைக் கூரையின் இறப்பிற் செருகி மறைத்த கதையை நம் மூத்தோர் சொல்ல எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கத்தோலிக்கரும் அக்காலத்தில் இன்னலுற்றனர் என்பதை நாம் நினைப்பதில்லை. 2015இல் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்ட யோசேப் வாஸ் அடிகளார், 1687இல் யாழ்ப்பாணத்திற்கு மாறுவேடத்திலேயே வரவேண்டியிருந்தது. சமயம் அரசாங்கத்தின் கைவாளாகும்போது எவருக்கும் அமைதியில்லை என்பதே இக்காலப்பகுதி தரும் பாடம்.

பிரித்தானியர் ஆட்சியிலே நிலைமை மாறிற்று. 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும், அதன்பின் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையும் எழுந்தன. அவர்களது நோக்கம் மதமாற்றமே. அதை அவர்கள் மறைத்ததுமில்லை. ஆனால் மாற்ற வந்தவர்கள் நம்மைக் கற்கவும் வேண்டியிருந்தது. செமினரியின் அதிபராயிருந்த ஹொய்சிங்ரன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அது 1854இல் அமெரிக்காவில் அச்சேறிற்று. சைவத்தை வெல்லும்பொருட்டுக் கற்றவர் சைவ சித்தாந்தத்தைக் கடல் கடந்து கொண்டுசென்றார்.

இதற்கு மறுபுறத்திலே நிற்பவர் நல்லூர் ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, அவரது விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் அவர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. சைவத்தின் காவலர் பிறர் வேதத்தைத் தமிழாக்கலாமோ என்று மாணாக்கர் என்னை வினவுவதுண்டு. நாவலர் அங்கே கற்றுக்கொண்டவற்றை எண்ணிப் பாருங்கள் என்பதே என் விடை. 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தமது சமயப் பிரசங்கங்களைத் தொடங்கினார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அச்சியந்திரம் தேடினார், பாலபாடங்கள் எழுதினார். வாராந்தப் பிரசங்கமும், வகுப்பறையும், அச்சுப்புத்தகமும் மிஷனரிமாரின் படைக்கலங்கள். அவற்றைச் சைவத்தின் கையிற் கொடுத்தவர் நாவலர்.

இலக்கியத்துக்குக் கிடைத்த பெரும்பேறும் இங்கேதான் இருக்கிறது. அதுவரை தமிழறிவு பெரும்பாலும் செய்யுளிலே வாழ்ந்தது. வசனம் உரையாசிரியர்களுக்கு உரியதாயிருந்தது. செய்யுளைக் கற்றோர் சுவைப்பர். ஆயின் சந்தையிலும் திண்ணையிலும் இருப்பவனைத் தம் பக்கம் இழுப்பதற்கு இரு கட்சியாருக்கும் தெளிந்த வசனம் வேண்டியிருந்தது. எதிரி சொன்னதை எடுத்துக்காட்டி, நியாயங்களை வரிசைப்படுத்தி, படிப்பவன் மயங்காதவாறு முடிவுகூறும் நடை அந்தத் தேவையினாலே பிறந்தது. 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையும், துண்டுப்பிரசுரங்களும், அவற்றுக்கு எழுந்த கண்டனங்களும் இந்நடைக்குப் பயிற்சிக்களமாயின. நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டபோது, காற்புள்ளி முதலிய குறிகளையும் தமிழ் வசனத்திற் கையாண்டு படிப்போர் வருத்தத்தைக் குறைத்தார். இன்று என் மாணாக்கன் ஒருவன் பந்தி பிரித்துக் கட்டுரை வரையும்போது, பாதிரியாருக்கும் நாவலருக்கும் ஒருங்கே கடன்படுகிறான்.

ஏட்டுச்சுவடிகளின் கதையும் இத்தகையதே. சிறுப்பிட்டியிற் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்று, பின்னர்ச் சைவத்துக்குத் திரும்பிய சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். மானிப்பாயில் டாக்டர் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, வைத்திய நூல்களைத் தமிழாக்குவித்தார். விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் கற்பிக்கலாமா என்று பின்னாளில் நாம் ஐயுற்ற வினாவுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அவர் செயலால் விடை கூறினார். சைவப் பெற்றோருக்குப் பிறந்து கத்தோலிக்க குருவான நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் தமிழ்ச் சொற்பிறப்பை ஆராய்ந்து அகராதி இயற்றினார். தனிநாயகம் அடிகளார் 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்று உழைத்தார். இவர்களைச் சமயம் நோக்கி விலக்கினால், தமிழன்னையின் மேனியில் எத்துணை அணிகள் எஞ்சும்?

நூல்களிலே இவ்வாறு எளிதிற் சொல்லிவிடலாம். வீடுகளிலோ வருத்தம் மிகுதி. என் அப்பாச்சியின் தமையனார் ஆசிரிய உத்தியோகத்தின்பொருட்டு ஞானஸ்நானம் பெற்றவர். அன்றுமுதல் அவர் எங்கள் வீட்டுக்கு அந்நியரானார். அவர் இறந்தபோதும் எம்மவர் எவரும் செல்லவில்லை. “வேதக்காரர்” என்ற சொல் எங்கள் வீட்டிலே தாழ்ந்த குரலிலேதான் வழங்கும்.

1995 ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தபோது, எண்பது வயது கடந்த அப்பாச்சியைத் துவிச்சக்கர வண்டியில் இருத்தித் தள்ளிக்கொண்டு தென்மராட்சியை அடைந்தோம். எமக்கு ஒதுங்க இடம் தந்தது ஒரு தேவாலய மண்டபம். இரண்டாம் நாள் மாலை, அப்பாச்சி திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கியிருந்தார். அவ்வழியே வந்த போதகரை நோக்கி, “ஐயா, இஞ்சை தேவாரம் பாடலாமோ?” என்று கேட்டார்.

“பாடுங்கோ ஆச்சி. நீங்கள் பாடி முடிச்ச பிறகு நாங்கள் செபத்தைத் தொடங்குவம்” என்றார் அவர்.

அங்கிருந்த நாள்களெல்லாம் அவ்வாறே நடந்தது. ஒருநாள் செபம் முடிந்தபின் அப்பாச்சி என்னிடம், “அண்ணைக்கும் நல்ல குரல்” என்றார். தமையனாரைப் பற்றி அவர் பேச நான் கேட்டது அதுவே முதன்முறை. பிறகு நெடுநேரம் பேசாதிருந்தார். உறவு திரும்பவில்லை, அதற்குரியவர் உயிரோடு இல்லை. ஆயினும் அதன்பின் அப்பாச்சியின் வாயில் “வேதக்காரர்” என்ற சொல்லை நான் கேட்டதில்லை.

அம்மண்டபத்திலே பொழுதுபோக்குவதற்காக நான் விவிலியத்தை வாசிக்கத் தொடங்கினேன். சங்கீதங்கள் என்னைக் கவர்ந்தன. துன்புற்ற அடியவன் இறைவனை நெருங்கி நின்று, என்னை ஏன் கைவிட்டீர் என்று உரிமையோடு முறையிடும் பாங்கு எனக்குப் பழக்கமானதாகத் தோன்றிற்று. சுந்தரமூர்த்தி நாயனாரும் தம்பிரான் தோழராய் நின்று இறைவனோடு வழக்காடியவரன்றோ! பாடசாலையில் மனனம் செய்து ஒப்புவித்த அவரது தேவாரங்களை, வீடிழந்து கிடந்த அந்நாளிலேதான் பொருளுணர்ந்து படித்தேன். கிறிஸ்தவ வேதம் என்னைக் கிறிஸ்தவனாக்கவில்லை. என் சமயத்து அடியவர் ஒருவரை எனக்கு நெருக்கமாக்கிற்று.

மதமாற்றம் குறித்த பூசல்கள் இக்காலத்திலும் நம் கிராமங்களில் எழுகின்றன. வறுமையைப் பயன்படுத்தி ஆள் சேர்ப்போரும் உளர். பிற சமயத்தார் எல்லோரையும் பகைவராகக் காட்டுவோரும் உளர். வீட்டிலே இப்பேச்சு எழும்போது பெற்றோர் பிள்ளைகளுக்கு 1621இல் இடிந்த கோயிலையும் சொல்லவேண்டும். 1841இல் எழுந்த பத்திரிகையையும் சொல்லவேண்டும். ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் சொல்வோர், தம் பிள்ளைகளுக்குப் பாதிச் சரித்திரத்தையே கொடுக்கின்றனர். மாணாக்கர்களுக்கு நான் வேண்டுவது வேறொன்று. தம் சமயத்தைக் காக்க விரும்புவோர் நாவலரைப் பின்பற்றி, மறுப்பதற்கு முன் மாற்றார் நூலைக் கற்கட்டும். அவ்வாறு கற்பவர் தம் சமய நூலையும் முன்னிலும் நன்றாகக் கற்பர் என்பது என் அனுபவம்.